பத்துத் தகடும் நாலு வளையமும்

எங்கள் ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி அக்கா. மேஜையில் திருகி வைத்த பெரிய பூதக்கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய ஒரு கண் மட்டும் கைக்குட்டை அகலத்துக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாள் அந்தக் கண்ணைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். அவரும் சும்மா இருக்க மாட்டார். யாராவது புது ஆள் தாண்டிப் போனால், தலை நிமிராமல் கண்ணை மட்டும் ஒரு சுற்று உருட்டிக் காட்டுவார்.

நாங்கள் செய்வது மேக்னெட்ரான். மைக்ரோவேவ் அடுப்பின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு டியூப். இரண்டு கைக்குள் அடங்கும். அடுப்பை வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், பேரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அடுப்பு என்று சொல்ல அதுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் பெட்டி, விளக்கு, கதவு, மணி.

அந்த டியூபின் நெஞ்சு ஒரு செம்பு உருளை. கட்டைவிரல் உயரம். உள்சுவரிலிருந்து பத்து மெல்லிய செம்புத் தகடுகள் நடுவை நோக்கி நீளும். பத்தும் சேர்ந்து நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை விடும். தகடுகளின் மேல் விளிம்பில் இரண்டு வளையம், கீழ் விளிம்பில் இரண்டு வளையம். இவ்வளவையும் வெள்ளிக் கலவை வைத்து உலையில் உருக்கி ஒட்டுவார்கள். உலையிலிருந்து வருகிற ஒவ்வொரு உருளையும் அக்காவின் மேஜைக்கு வரும். தகடு சாய்ந்திருக்கிறதா, வளையம் எங்காவது தொடக்கூடாத இடத்தில் தொடுகிறதா என்று பார்த்து, நல்லதை வலப்பக்கத் தட்டில், கெட்டதை இடப்பக்கத் தட்டில் வைப்பார். நான் சொல்லும் நாட்களில் ஒரு நாளைக்கு அறுநூறு உருளை. பதினோரு வருடம். நான் ஒரு முறை பெருக்கிப் பார்த்தேன், பதினெட்டு லட்சத்தைத் தாண்டியது. அவரிடம் சொன்னபோது, “அதான் கண்ண மூடினாலும் பூ பூவா தெரியுது” என்றார்.

என் வேலை கடைசி மேஜையில். காற்றை உறிஞ்சி எடுத்து, மூடி, காந்தம் பொருத்தி முடிந்த டியூபுக்கு நாலாயிரம் வோல்ட் கொடுத்து, ஒழுங்காக அலை வருகிறதா என்று சோதிப்பேன். அதாவது, அவர் அதன் உள்ளே பார்த்த கடைசி ஆள். நான் வெளியே பார்க்கும் முதல் ஆள். நடுவில் ஆறு பிரிவுகள். இத்தனை வருடத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே வேலையைப் பற்றிப் பேச ஒன்றுமே இருந்ததில்லை. மதியச் சாப்பாட்டு மேஜையில் அவருடைய வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசுவோம். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். குரல் பெரிய குரல். “அவருக்கு ஹாரனே வேண்டாம், ஜன்னல திறந்தாலே போதும்” என்று அக்கா சொல்லும்போது குறையா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு டியூப் தாவியது.

தாவல் என்பது எங்கள் ஆலைச் சொல். நல்ல டியூப் ஒரு நொடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி முறை அதிரும் அலையைத் தரும். ஆரம்பித்தால் அதிலேயே நிற்கும். கெட்டது திடீரென்று வேறொரு அதிர்வுக்குக் குதித்துவிடும். மீட்டர் முள் உதறும், எண் மாறும், டியூப் சூடாகும், அலை வராது. மாதத்துக்கு இரண்டோ மூன்றோ அப்படி வருவது வழக்கம். அந்தத் திங்கட்கிழமை மட்டும் ஒன்பது. செவ்வாயன்று பதினான்கு. புதன்கிழமை நான் எண்ணுவதை விட்டுவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

தாவல் என்றால் முதலில் சந்தேகம் போவது இழையின் மேல். உருளையின் நடு ஓட்டையில் நிற்கும் சுருள் கம்பி அது. சூடேறி எலக்ட்ரான்களை உமிழ வேண்டியது அதன் வேலை. கம்பி சரியில்லை என்றால் டியூப் தாவும், அது உண்மைதான். இழைப் பிரிவில் நான்கு பெண்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அவருக்கு யார் மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டும். வியாழக்கிழமை அந்த நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, திங்கட்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பிரிவையே மாற்றிவிடுவேன் என்று சொன்னார். அதில் ஒருத்தி சாப்பாட்டு அறைக்கே வரவில்லை. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அன்று அக்கா பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார்.

“உன் மேஜைல செத்துப் போன டியூப் ஒண்ணு கிடைக்குமா?”

“எதுக்குக்கா?”

“அறுத்துப் பார்க்கணும். நான் அனுப்பறது எப்படிப் போய் நிக்குதுன்னு ஒரு நாள்கூட பார்த்ததில்ல.”

தாவிய டியூப் ஒன்றை எடுத்துப் போய்க் கடைசல் எந்திரக்காரரிடம் கொடுத்தோம். அவர் காந்தங்களைக் கழற்றி, உறையை அகற்றி, செம்பு உடலைப் பதமாக இரண்டாக அறுத்துக் கொடுத்தார். அக்கா அதைத் தன் கண்ணாடிக்குக் கீழே வைத்து உட்கார்ந்தார். கால் மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுருள் கம்பி நேராகத்தான் இருந்தது. தகடு பத்தும் நேராக இருந்தன. வளையங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

“எல்லாம் சரியா இருக்கே” என்றேன்.

“மேல இருந்து பார்த்தா சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாமல் தனக்குத் தானே சொல்வது போல, “வளையத்துக்கு அடில என்ன இருக்குன்னு நான் எங்க பார்த்தேன்” என்றார்.

ஒவ்வொரு வளையமும் ஒன்று விட்டு ஒரு தகட்டைத்தான் தொட வேண்டும். சின்ன வளையம் ஐந்து தகட்டை, பெரிய வளையம் மற்ற ஐந்தை. தொடக்கூடாத தகட்டில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். வளையம் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் போலக் கடந்து போகும். அந்தப் பாலத்துக்கு அடியில் மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். விளக்கு மேலிருந்து விழுவதால், அந்த இடம் எப்போதும் வளையத்தின் நிழலில் இருக்கும். பதினோரு வருடமாக எவரும் அங்கே பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி எந்தத் தாளிலும் எழுதியிருக்கவுமில்லை.

அக்காவின் தங்கை ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். மறுநாள் காலை அக்கா கைப்பையிலிருந்து பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக்காம்புச் சிறு கண்ணாடியை எடுத்தார். “தங்கச்சி எதுக்குன்னு கேட்டா. கடவாய்ப் பல் பார்க்கணும்னு சொல்லிட்டேன்” என்றார். அதை அறுத்த உருளைக்குள், வளையத்துக்கு அடியில் சாய்த்து விட்டு, கைவிளக்கை ஒரு பக்கமாகப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன்.

அவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

நானும் பார்த்தேன். வளையத்தின் அடியில், பள்ளத்துக்குள், வெள்ளிக் கலவை ஒரு துளி வழிந்து போய் நின்றிருந்தது. கண்ணீர்த் துளி போல, கடுகில் கால்வாசி கூட இருக்காது. தொடக்கூடாத தகட்டையும் வளையத்தையும் அது சேர்த்துப் பிடித்திருந்தது.

அன்று மதியத்துக்குள் தன் வலப்பக்கத் தட்டிலேயே, அதாவது நல்லது என்று தானே வைத்த தட்டிலேயே, முப்பத்தொரு உருளைகளில் அந்தத் துளியைக் கண்டுபிடித்தார். பிறகு எழுந்து, பல் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“சார், இழைப் பொண்ணுங்க மேல தப்பில்ல. இதெல்லாம் என் கைய தாண்டிப் போனது. நான்தான் பாஸ் போட்டேன்.”

மேனேஜரின் குரல்: “தெரிஞ்சு போட்டீங்களா?”

“தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா? ஆனா போட்டது நான்தானே.”

கெட்டது எங்கே ஆரம்பித்தது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. முந்தைய ஞாயிறு உலையைப் பழுது பார்த்தபோது அதன் நகரும் பட்டையை மறுபடி பூட்டியவர்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டார்கள். உருளைகள் சூட்டில் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடந்தன. உருகிய வெள்ளி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியது. பட்டையைச் சரிசெய்தார்கள். தாவல் நின்றது. மேனேஜர் இழைப் பிரிவுக்குப் போய், “நான் அவசரப்பட்டுட்டேன்” என்று நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அழுதவள் தலை நிமிராமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் உரிமை.

பல் கண்ணாடி ஒரு டஜன் வாங்கினார்கள்.

விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டியது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் அறிக்கை எழுத வந்தார். அக்காவை விட வயதில் சின்னவர், குட்டையாக வெட்டிய முடி, பேச்சில் வேகம். எல்லாம் கேட்டு எழுதி முடித்துவிட்டு, “உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாக்கா?” என்றார். சும்மா மரியாதைக்குத்தான் கேட்டிருப்பார்.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்? அந்தத் துளி ஒட்டினா டியூப் ஏன் தாவுது? அந்த வளையம் அங்க எதுக்கு இருக்கு?”

இன்ஜினியர் பேனாவை மூடி வைத்தார். “பதினோரு வருஷத்துல யாரும் சொல்லலையா?”

“யாரும் கேக்கல” என்றார் அக்கா.

சாப்பாட்டு அறையில், டீ ஆறிப்போகும் வரை அந்த இன்ஜினியர் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். இத்தனை வருடம் சோதித்த எனக்கும் பாதி புதிது. பெரிய யுத்தக் காலத்தில், இருட்டில் வரும் விமானத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்க இந்த டியூபை உருவாக்கினார்களாம். அப்போது தகடு இல்லை. தடிமனான செம்புக் கட்டியில் சுற்றிலும் ஓட்டை துளைத்திருப்பார்கள். பலமான அலை வந்தது, ஆனால் நிலையாக நிற்கவில்லை, தாவிக்கொண்டே இருந்தது. ஒன்று விட்டு ஒன்றைக் கம்பியால் இணைத்தால் நிற்கும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அந்தக் கம்பிதான் இன்றைய வளையம். யுத்தம் முடிந்தபின் அதே டியூபின் பக்கத்தில் வேலை செய்த ஒருவரின் சட்டைப் பையில் மிட்டாய் உருகியதாம். அதிலிருந்து அடுப்பு வந்தது. முதல் அடுப்பு ஓர் ஆள் உயரம், நாலைந்து பேர் எடை, குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் வேறு.

“அதுலேர்ந்து இவ்வளவு சின்னதா ஆகிறதுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு” என்று சொல்லி, இன்ஜினியர் அறுத்த உருளையைக் கையில் எடுத்தார். “நடுவில இருக்கிற கம்பி எலக்ட்ரானைத் துப்புது. அது நேரா செம்புச் சுவத்துக்கு ஓடப் பார்க்குது. காந்தம் விடாது, வளைச்சு விட்டுடும். அதனால எல்லாம் நடுவில சுத்துது. சுத்தும்போது ஒவ்வொரு தகட்டு வாசலையும் தொட்டுட்டுப் போகுது. அந்தத் தொடல்ல தகட்டு இடைவெளிகள் அதிர ஆரம்பிக்கும். அதிர ஆரம்பிச்சதும் அது திருப்பி எலக்ட்ரானைப் பிடிச்சு வரிசைப்படுத்தும். கடைசில எலக்ட்ரான் எல்லாம் சேர்ந்து, அஞ்சு ஆரம் வெச்ச சக்கரம் மாதிரி ஒண்ணாச் சுத்தும்.”

“அஞ்சா?”

“பத்துத் தகட்டுக்கு அஞ்சு. ஒரு தகடு கூட்டல்னா பக்கத்துத் தகடு கழித்தல். வளையம் இருக்கிறதாலதான் அந்த ஒழுங்கு. ஒரு துளி ஒட்டிச்சுன்னா கூட்டலும் கழித்தலும் கலந்துடும், சக்கரம் உடைஞ்சுடும்.”

“இத யாராவது பார்த்திருக்காங்களா? அந்தச் சக்கரத்த?”

“நேர்ல யாரும் பார்க்க முடியாதுக்கா. கணக்கு போட்டுத்தான் தெரியும். ஒரு நொடில நாப்பத்தொம்பது கோடிச் சுத்து.”

அக்கா உருளையை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பதினெட்டு லட்சம் முறை தொட்ட பொருள். அன்றுதான் முதல் முறையாகத் தொடுகிறவர் போல விரல்களை மெதுவாக மூடினார்.

இன்ஜினியருக்கும் அவரை அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை போலும். “ஒண்ணு காட்றேன், வாங்க” என்று எழுந்தார். சாப்பாட்டு அறையில் எங்கள் டப்பாக்களைச் சுடவைக்கும் பழைய மைக்ரோவேவ் அடுப்பு இருந்தது. அதன் சுழலும் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்தார். மூலையில் டீ விற்கும் கல்லாவிலிருந்து பில் அடிக்கும் காகிதச் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கினார். சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது. அட்டை மேல் அதை வரிசையாக ஒட்டி, தண்ணீர் தடவி, தட்டில்லாமல் சுழலாதபடி உள்ளே வைத்துச் சில நொடிகள் ஓடவிட்டார்.

வெளியே எடுத்தபோது வெள்ளைக் காகிதத்தில் கறுப்புத் திட்டுகள். சில கோணலாக, சில மங்கலாக. ஆனாலும் அங்கங்கே ஓர் ஒழுங்கு தெரிந்தது.

“அலை சுவத்துல மோதித் திரும்பி வரும்போது, சில இடத்துல பலமா நிக்கும், சில இடத்துல ஒண்ணுமே இருக்காது. பலமான இடம் கறுத்திருக்கு. ஒரு திட்டுலேர்ந்து அடுத்த திட்டு வரைக்கும் அரை அலை. அளந்து பாருங்க.”

அக்கா சட்டைப் பையிலிருந்து தன் அளவுகோலை எடுத்தார். ஒரு முறை அளந்து திருப்தி அடைகிறவர் அல்ல அவர். ஏழு இடத்தில் அளந்து, கூட்டி, வகுத்தார். ஆறு சென்டிமீட்டரும் இரண்டு மில்லிமீட்டரும் வந்தது.

“ரெண்டால பெருக்குங்க. அது ஒரு முழு அலை. இப்ப ஒரு நொடிக்கு எத்தன அலைன்னு அடுப்புக்குப் பின்னாடி ஒட்டியிருக்கும்.”

“அத நான் பார்க்க வேண்டாம். இருநூத்தி நாப்பத்தஞ்சு கோடி.”

“அதால பெருக்குங்க. ஒரு நொடில அலை எவ்வளவு தூரம் ஓடுதுன்னு வரும்.”

பில் காகிதத்தின் ஓரத்திலேயே பெருக்கினார். பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணினார். சென்டிமீட்டரை மீட்டராக்கி, மீட்டரைக் கிலோமீட்டராக்கினார். கடைசியில் மூன்று லட்சத்து மூவாயிரத்து எண்ணூறு வந்தது. ஒரு நொடிக்கு, கிலோமீட்டர்.

“எங்கயோ தப்பு பண்ணிட்டேன்” என்றார்.

“தப்பில்லக்கா. உண்மைக் கணக்குல மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. நூத்துக்கு ஒண்ணு சொச்சம்தான் வித்தியாசம். அது வெளிச்சத்தோட வேகம்.”

“வெளிச்சத்தோடதா? சூரிய வெளிச்சமா?”

“எல்லா வெளிச்சமும். இதுவும் அதுவும் ஒரே குடும்பம். இது கண்ணுக்குத் தெரியாத தங்கச்சி.”

அக்கா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சாப்பாட்டு அறையில் பாத்திரம் கழுவுகிறவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது. அவர் அந்த வெயிலில் தன் கையை நீட்டி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருக்கின காகிதத்தை மடித்து என்ன செய்தார் என்று நான் கவனிக்கவில்லை. டப்பா சூடு பண்ணும் இடத்தில், பில் காகிதத்தில், ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் வெளிச்சத்தின் வேகத்தை அளந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் ஏறியது அவருடைய வீட்டுக்காரர் ஓட்டும் பேருந்து. ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஒண்ணும் புரியல. பஸ் பாஷைல சொல்லு.”

“ரவுண்டானாவ நினைச்சுக்கோங்க. நடுவுலேர்ந்து நிறைய பஸ் கிளம்புது. எல்லாத்துக்கும் ஓரத்துல இருக்கிற ஸ்டாப்புக்குப் போகணும். ஆனா நேரா விட மாட்டான், சுத்திச் சுத்தித்தான் போகணும்.”

“யாரு விட மாட்டான்?”

“காந்தம்.”

“டிராஃபிக் போலீஸ்னு சொல்லேன்.”

“சரி, போலீஸ். சுத்துற பஸ் எல்லாம் ஒவ்வொரு வாசலையும் தட்டித் தட்டிட்டுப் போகுது. அந்தத் தட்டலே அலையா வெளிய வருது.”

“அப்ப எந்த பஸ்ஸும் ஸ்டாப்புக்குப் போய்ச் சேராதா?”

“சேரும். இருக்கிற தெம்பையெல்லாம் வாசல்ல கொடுத்துட்டு, களைச்சுப் போய்ச் சேரும்.”

“அப்ப அது என் ரூட்டுதான்” என்று அவர் சிரித்ததில் பின் இருக்கை வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று வருடம் கழித்து அந்தக் குரல் கரகரத்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு தூசி என்றார்கள். இரண்டு மாதமாகியும் சரியாகாமல், கடைசியில் பயணிகளிடம் “உள்ள போங்க” என்று சொல்லவே அவர் கையால் சைகை காட்ட வேண்டியதாயிற்று. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் புற்று. சின்னதுதான், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், அறுக்க வேண்டாம், கதிர் வைத்தே சரியாக்கிவிடலாம் என்றார். முப்பத்து மூன்று நாள். வாரத்துக்கு ஐந்து.

அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. ஆனால் அன்று ஒரு உருளையைக் கையில் பிடித்தபடி, எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சிகிச்சைக்கு ஓட்டுநரின் முகத்துக்கு அளவெடுத்து வலை போல ஒரு பிளாஸ்டிக் மூடி செய்தார்கள். தலை அசையாதபடி அதை மேஜையோடு பூட்டுவார்கள். பெரிய எந்திரம் அவரைச் சுற்றி வரும். எல்லோரும் வெளியே வந்து தடித்த கதவைச் சாத்திவிடுவார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். வலி இல்லை. “கோழிய கூடை போட்டுக் கவுக்கிற மாதிரி கவுக்கிறாங்க” என்று அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கு அதுதான் பெரிய தண்டனை.

பத்தொன்பதாம் நாள் நான் துணைக்குப் போயிருந்தேன். காலையிலேயே எந்திரம் நின்றுவிட்டது. காத்திருக்கும் அறை நிரம்பியிருந்தது. ஒரு நாள் தள்ளிப்போனால் என்னாகும் என்ற கேள்வி எல்லோர் முகத்திலும் இருந்தது. பதினொரு மணிக்குப் பழுது பார்க்கும் இன்ஜினியர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். பன்னிரண்டரைக்கு அதே வண்டியில் எதையோ வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். கனமான காந்தம், இரண்டு தண்ணீர்க் குழாய் முனை, நடுவில் செம்பும் பீங்கானும் சேர்ந்த ஓர் உடம்பு.

அக்கா எழுந்துவிட்டார். வண்டிக்குக் குறுக்கே போய் நின்றார்.

“தம்பி, இது மேக்னெட்ரானா?”

அந்த இன்ஜினியர் நின்றார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்தச் சொல்லை அவரிடம் கேட்டவர் அதுவரை யாரும் இருந்திருக்க மாட்டார்கள். “ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க செய்றோம். அடுப்புக்கு. இது இங்க என்ன பண்ணுது?”

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார். இந்த டியூப் உண்டாக்கும் அலை நோயாளியைத் தொடாது. ஒரு நீளமான செம்புக் குழாய்க்குள் போகும். அங்கே எலக்ட்ரான்கள் அந்த அலையின் மேல் ஏறி ஓடும். ஓடி ஓடி வெளிச்சத்தின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்து, ஓர் உலோகத் துண்டில் மோதும். மோதிய இடத்திலிருந்து கதிர் கிளம்பும். அந்தக் கதிர்தான் தொண்டைக்குப் போகிறது.

“உங்க அடுப்புல ஆயிரம் வாட் இருக்குமா? இது ஒரு துடிப்புக்கு இருபது லட்சத்துக்கு மேல. ஆனா துடிப்பு ரொம்பக் குட்டி. ஒரு நொடிய பத்து லட்சமா நறுக்கினா, அதுல நாலு துண்டு.”

“இதுக்குள்ளயும் வளையம் இருக்கா?”

அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். போனை எடுத்துத் தன் அலுவலகத்தில் யாரையோ கேட்டார். கேட்டுவிட்டு, “இருக்காம்” என்றார்.

“அத யாரு பார்ப்பாங்க? ஒட்டாம சரியா இருக்கான்னு?”

“தெரியலம்மா. ஆலைல யாராவது கண்ணால பார்த்துதான் அனுப்புவாங்க.”

அக்கா குனிந்து அந்தப் பழைய டியூபின் செம்பில் இரண்டு விரலை வைத்தார். இன்னும் இளஞ்சூடாக இருந்தது என்று பிறகு சொன்னார். ஆறு வருடம் ஓடிய டியூபாம் அது. எத்தனை பேர் தொண்டை, எத்தனை பேர் மார்பு, எத்தனை பேர் தலை. எங்கோ ஒரு மேஜையில் முகம் தெரியாத ஒருவர் அதன் வளையங்களைப் பார்த்து, சரி என்று வலப்பக்கம் வைத்திருக்கிறார்.

ஒரு மணிக்கு எந்திரம் ஓட ஆரம்பித்தது. ஓட்டுநரின் முறை வந்தது. முடிந்து வெளியே வந்தவரிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, பேசக்கூடாது என்பதை மறந்து கம்மிய குரலில், “கடைசில என்னையும் அடுப்புல வெச்சுட்டே” என்றார். அக்கா அத்தனை நாளில் முதல் முறையாக அழுதார். சிரித்துக்கொண்டேதான் அழுதார். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் டீ வாங்கப் போனேன்.

டியூபின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து அதைச் செய்த வெளிநாட்டு ஆலையின் விலாசத்தை அக்கா குறித்து வைத்திருந்தார். முப்பத்து மூன்று நாளும் முடிந்த வாரத்தில் ஒரு கடிதம் எழுதினார். எனக்குக் காட்டினார். நாலே வரி. தான் யார், என்ன வேலை, கணவருக்கு என்ன சிகிச்சை, கடைசி வரியில், ‘வளையத்தைப் பார்த்து அனுப்பியவருக்கு நன்றி.’ எங்கள் பெண் இன்ஜினியர் அதை அவர்கள் மொழியில் எழுதி அனுப்பினார். பதில் வர மூன்று மாதம் ஆனது. அதுவும் நாலே வரி. அங்கே அந்த வேலையில் இருவர் என்றும், அந்தக் குறிப்பிட்ட டியூபைப் பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றும், அவர் வீட்டுக்கே போய்க் கடிதத்தைப் படித்துக் காட்டியதாகவும், அவர் இரண்டாவது முறை படிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தார்கள்.

ஓட்டுநர் ஏழு மாதம் கழித்துப் பேருந்துக்குத் திரும்பினார். குரல் திரும்ப வந்தது, பழைய குரல் அல்ல, சரளைக் கல்லைக் கொட்டுவது போன்ற குரல். ஆனால் பின் இருக்கை வரை கேட்கிறது. ஐந்து வருடப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்காவுக்கு மேற்பார்வையாளர் வேலை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டார். “உக்காந்து பார்க்கிறத விட்டுட்டு நடந்து நடந்து என்னத்த பார்க்கிறது” என்பது அவர் பதில். ஒரு நாளைக்கு அறுநூறு என்பது இப்போது ஐந்நூறு. அடியிலும் பார்ப்பதால் நேரம் ஆகிறது. மேனேஜர் ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் அவர் இடப்பக்கத் தட்டில் நாலு உருளை வைத்தார். நாலையும் நான் அறுக்கச் சொல்லிப் பார்த்தேன், என் ஆசைக்காக. நாலிலும் துளி இருந்தது.